பிரேக் இறங்கியதைப் பார்த்தவள்

அக்கா,

அன்றைக்கு அங்கே நின்றவர்கள் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். காருக்குச் சொந்தக்காரியான நீங்கள். அதை உங்களுக்கு விற்ற ஃபோர்மேன் ஞானதுரை. சர்ச் பூசைக்குப் போட்ட முக்காட்டை இன்னும் எடுக்காமல் அவன் மனைவி ரீட்டா. மெக்கானிக் காஜா பாய். இடுப்பில் சின்னவனை வைத்துக்கொண்டு நான். என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயில், ஹைதராபாத் மௌலா அலியில் உங்கள் குவார்ட்டர்ஸ் வாசல். பெரியவர்கள் ஆறு பேர். அதில் இன்றைக்கு மூச்சு விடுகிறவள் நான் ஒருத்திதான்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பேத்தி. போன வாரம் பழைய கார் ஒன்றைப் பார்த்து, வாங்குவதற்கு முன்னால் என்னிடம் காட்ட மல்காஜ்கிரி வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்தாள். விற்கிறவனும் பக்கத்து சீட்டில். "பிரேக் கொஞ்சம் மெத்துனு இருக்கு பாட்டி" என்றாள். அவன் சிரித்தான். "அது ஒண்ணுமில்லம்மா, மேடத்துக்கு இன்னும் கால் பழகல, அந்தே, அவ்வளவுதான்" என்றான்.

அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கிறேன். தடியை ஊன்றிக்கொண்டு படி இறங்கிப் போனேன்.

"வண்டிய ஆஃப் பண்ணாத. நின்ன இடத்துலயே பிரேக்க மிதிச்சுப் பிடி. விடக்கூடாது. கடியாரத்தப் பாரு" என்றேன்.

பேத்தி மிதித்துப் பிடித்தாள். அரை நிமிஷம் ஆகியிருக்காது. "பாட்டி, தானா கீழ போகுது" என்றாள். டயர் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சொன்னேன். நாலு சக்கரமும் காய்ந்து கிடந்தன.

"அப்ப உள்ளுக்குள்ளேயே ஒழுகுது. தம்பி, நீ உன் வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு. அடுத்த வீட்டுப் பொண்ணுகிட்டயும் இதையே சொல்லாத."

அவன் போன பிறகு பேத்தி என் முகத்தையே பார்த்தாள். "நீக்கு எலா தெலுசு பாட்டி?" என்றாள். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு இது எப்படித் தெரியும் என்று அவளுக்கு ஆச்சரியம். ஒரு டீயைப் போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதே நிறைய பாக்கி இருக்கிறது.

எனக்கு அதைக் காட்டியது நீங்கள்தானே. டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்துகொண்டு, நாச்சாரம் வரைக்கும் பிரசவம் பார்க்கப் போவீர்கள். "ரிக்‌ஷாக்காரன் பீடி பத்த வைக்கிறதுக்குள்ள பிள்ள வந்துருதுடி" என்று சொல்லித்தான் அந்தச் சாம்பல் நிறக் காரை வாங்கினீர்கள். காலனியில் கார் ஓட்டின பொம்பளை நீங்கள் ஒருத்திதான். என் இரண்டு பிள்ளைகளும் உங்கள் கையில் பிறந்தவர்கள்.

வாங்கின இரண்டாவது வாரம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே பிரேக்கை மிதித்தீர்கள், நாடி பார்ப்பது போல.

"நல்லாப் பாரு. காத்து புகுந்திருந்தா மிதிக்கும்போதே பஞ்சு மாதிரி அமுங்கும். இது அப்படியில்ல. மொதல்ல நிக்குது, அப்புறம் நழுவுது. ரெண்டு தடவ வேகமா மிதிச்சா மறுபடி மேல வந்து நடிக்குது. வெளிய ஒரு சொட்டு இல்ல. மிதிச்ச எண்ணெய நிறுத்துற ரப்பர் ஒண்ணு உள்ள இருக்கு, அது போயிருக்கு."

நோயாளி பொய் சொல்வான், நாடி சொல்லாது என்று அன்றைக்குச் சொன்னீர்கள்.

அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காஜா பாயை வரச் சொல்லியிருந்தீர்கள், கழற்றிப் பார்க்க. பூசை முடிந்து அந்த வழியாக வந்த ஞானதுரை நின்றுவிட்டான். அப்போது அவனை சார் என்போம். இப்போது எழுதும்போது கை தானாக அவன் என்றே எழுதுகிறது.

"என்ன சிஸ்டர், நான் ஆறு வருஷம் ஓட்டின வண்டி. அதுல நோவு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"பிரேக் இறங்குது சார்."

"வண்டி இறங்கல, உங்க கால்தான் ஏறி ஏறி நிக்குது. பொம்பளைங்க பயத்துல மிதிச்சுக்கிட்டே இருப்பீங்க."

ரீட்டா சிரித்தாள். காஜா பாய் சாவிப் பையைக் கீழே வைத்தார். "கோல்கே, கழட்டிப் பாத்துருவோம் சார், அரை மணி வேலைதான்" என்றார். ஞானதுரை கையை ஆட்டினான். "நக்கோ பாய், வேணாம். நல்லா இருக்கறதக் கழட்டிக் கெடுக்காத." காஜா பாயின் பாதி வேலை ஃபேக்டரி ஆபீசர்கள் வீட்டு வண்டிகள். பை மறுபடி தோளுக்குப் போனது.

நீங்கள் விடவில்லை. "யாராவது ஒரு ஆம்பள ஏறி மிதிச்சுப் பாருங்க, அப்பவாவது நம்புவீங்களா?" என்றீர்கள். ஞானதுரை என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தாடையை அசைத்தான். அவர் ஃபேக்டரியில் அவன் கீழ் வேலை பார்த்தவர்.

அவர் ஏறி உட்கார்ந்து மிதித்தார். கதவு திறந்திருந்தது. பக்கத்திலேயே நான் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. அது முதலில் நின்றது. பிறகு மெதுவாக, அவர் ஒன்றும் செய்யாமலே, கீழே போனது. தரையைத் தொட்டது. அவரும் குனிந்து பார்த்தார்.

நிமிர்ந்தவர் உங்களைப் பார்க்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு சார்" என்று ஞானதுரையைப் பார்த்துச் சொன்னார்.

"இறங்குச்சே" என்றேன் நான்.

"பஸ்ல ஏறவே கைநடுங்குறவ, பிரேக்கப் பத்திப் பேசுறா" என்றாள் ரீட்டா. என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

ஞானதுரை சொன்னதை நீங்கள் நம்பவில்லை அக்கா. ஆனால் இவர் உங்கள் கையிலிருந்து இரண்டு பிள்ளைகளை வாங்கினவர். "தம்பியே சொன்னா சரி" என்றீர்கள். காஜா பாயைத் திருப்பி அனுப்பினீர்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரயில்வே கேட்டுக்கு இறங்கும் சரிவு. கேட் மூடியிருந்தது, ஷிஃப்ட் விட்டு வந்த சைக்கிள்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். இரண்டு தடவை மிதித்தீர்களாம், இரண்டு தடவையும் வெறும் தரை. அவ்வளவு பேர் மேல் போய் விழாமல் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கல் சுவரில் கொண்டுபோய் மோதினீர்கள். ஒரு சைக்கிள் மணிகூட உடையவில்லை. உடைந்தது உங்கள் இடுப்பு எலும்பு.

காலனியில் ஒருவன்கூடச் சைக்கிள்காரர்களைப் பற்றிப் பேசவில்லை. பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்றார்கள். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, கால் சரியில்லன்னு" என்று ஞானதுரை கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே சொன்னானாம்.

ஆஸ்பத்திரிக்குக் காஜா பாய் செய்தித்தாளில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே அந்த ரப்பர். தண்ணீரில் ஊறின வடை போல உப்பி, விளிம்பு பிய்ந்து கிடந்தது. "மாஃப் கரோ சிஸ்டரம்மா. அன்னைக்கே கழட்டிருக்கணும். இது பிரேக் ஆயில் இல்ல, மிஷின் ஆயில். இதப் போட்டா ரப்பர் பூலி, உப்பிப் போயிரும்" என்று கண்ணைத் துடைத்தார். நீங்கள் கட்டிலில் படுத்தபடி என்னிடம் நீட்டினீர்கள், "மோந்து பாருடி" என்று.

மோந்து பார்த்தேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். என் டிஃபன் கேரியரின் அடித்தட்டில் வந்த வாசனை. சாம்பல் போட்டு, புளி போட்டு, மூன்று நாள் தேய்த்தும் போகாத வாசனை. ஃபேக்டரியில் பெரிய பிரஸ்ஸுக்கு ஊற்றுகிற எண்ணெய். கேட்டில் எல்லாரையும் தடவிப் பார்ப்பார்கள், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க மாட்டார்கள். ஞானதுரை கார் விற்பதற்கு முந்தின மாதங்களில் என் வீட்டுக்காரர்தான் அதைக் கொண்டுவந்து, தன் கையாலேயே பிரேக்குக்கு ஊற்றியிருக்கிறார். நான் கேட்டபோது, "எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே, சார் எதுக்குக் கடையில வாங்கணும்" என்றவர் அவர்.

உங்களிடம் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன்.

"இறங்கினது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"புரமோஷன் லிஸ்ட் சார் மேசை மேல இருக்கு. அந்த எடத்துல வேற என்ன சொல்றது? அடுத்த வாரம் நைசா நானே அந்த ரப்பர மாத்திக் குடுத்திரலாம்னு நெனச்சேன்."

நீங்களோ, "தம்பிமேல கோவப்படாத. சில சமயம் மிதிக்கும்போது நிக்கும், ஏமாத்தும். அவருக்கு நின்னிருக்கும்" என்று அவருக்காக எனக்கே சமாதானம் சொன்னீர்கள். என் கண்ணால் பார்த்ததை அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு எங்கே போவேன் என்று பயந்தேன். நீங்கள் நின்று பிரசவம் பார்க்க முடியாமல் வேலையை விட்டு, பாளையங்கோட்டையில் உங்கள் சொந்தத் தம்பி வீட்டுக்குப் போனீர்கள். ஸ்டேஷனில் உங்கள் பெட்டியைத் தூக்கி வைத்தவர் என் வீட்டுக்காரர்தான்.

ஞானதுரையை நான் சும்மா விடவில்லை, அது உங்களுக்குத் தெரியாது. அவன் ரிட்டயர் ஆன அன்றைக்கு ஃபேக்டரி ஹாலில் மாலை, பேச்சு, பெரிய ஆபீசர்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். நான் அதே டிஃபன் கேரியரின் அடித்தட்டில், வீட்டில் மிச்சம் கிடந்த பிரஸ் எண்ணெயை நிரப்பி, பட்டுக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு மேடை ஏறினேன். மைக் பக்கத்தில் நின்று, "சார், நீங்க சிஸ்டருக்கு வித்த காருக்கு இந்தப் பாத்திரத்துலதான் எண்ணெய் வந்துச்சு. இன்னிக்கும் கொண்டு வந்திருக்கேன். உங்க புது காருக்கு ஊத்திக்கங்க" என்றேன். பாத்திரத்தைத் திறந்து மேசை மேல் வைத்துவிட்டு இறங்கினேன். விசாரணை வந்தது, அவனுக்கு வர வேண்டியது எல்லாம் இழுத்துக்கொண்டே போனது. என் வீட்டுக்காரருக்கும் அதன்பிறகு புரமோஷன் வரவில்லை. அந்த மாதம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் கார்டு வரும். கடைசி வரியில், "தம்பிக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்." நான் அவரையே உரக்கப் படிக்க வைப்பேன். அந்த வரி வந்ததும் கார்டை மடித்து வைத்துவிடுவார். "விட்டுட்டீங்களே, முழுசாப் படிங்க" என்பேன். வருஷா வருஷம் படித்தார்.

மூன்று வருஷம் முன்பு அவர் படுக்கையில் விழுந்தார். கஞ்சி ஊட்டினேன், துணி துவைத்தேன், அதில் குறை வைக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் கேட்டார்: "அக்காகிட்ட நீ சொல்லிட்டியா?"

"சொல்லல. போன் இங்க இருக்கு. நம்பர் போட்டுத் தர்றேன். நீங்களே சொல்லுங்க."

அப்போது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள் அக்கா. போனில் ஒரு வார்த்தை போதும், உங்கள் கால் சரியாகத்தான் இருந்தது என்று. நான் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. "ஹலோ, யாரு?" என்று உங்கள் குரல் கேட்டது. அவர் போனை என் கையில் திணித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ராங் நம்பர் என்று நானே வைத்தேன். ஒன்பதாம் நாள் அவர் போனார். இந்தப் பெரிய வெள்ளிக்கு முன்னால் நீங்களும் போய்விட்டீர்கள்.

காஜா பாய் அழுது மன்னிப்புக் கேட்டார், கொடுத்தாயிற்று. ரீட்டா சிரித்தாள், அவ்வளவுதான், அவளை எப்போதோ மறந்துவிட்டேன். ஞானதுரைக்கு என் கையாலேயே திருப்பிக் கொடுத்தேன். மிச்சம் ஒருவர். கட்டின நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் ஆபீசில் கேட்டால்கூடப் பிள்ளையை விட்டுச் சொல்ல வைப்பேன், சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று. இனிக் குறைய ஒன்றுமில்லை. நீங்கள் தம்பி என்று கூப்பிட்டு நம்பினவரை நான் மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் சூசைமாணிக்கம்.