வெயிலைச் சொல்லும் பட்டை

ஈஜோக்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

எங்கள் வேலையிடத்தில் வெள்ளி கலந்த மையால் நாங்கள் அச்சடிக்கும் மெல்லிய பட்டையைக் கையில் ஒட்டிக்கொண்டால், உடல் சூடு மிஞ்சும்போது போன் மணியடிக்கும். போன வாரம் அதைச் சோதிக்கச் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் போனோம். குலை வெட்டுகிறவர்கள் யாரும் ஒட்டிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. வலிக்காது என்று காட்ட என் கையிலேயே ஒட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தேன். ஒரு மணி நேரத்தில் என் போன்தான் அலறியது. கால் கொஞ்சம் தள்ளாடியது, அவ்வளவுதான். உதிரிப்பழம் பொறுக்கும் தவமலர் அக்கா என்னை நிழலில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

“மொத ஆளே நீதான் லா!” என்று சிரித்தவர், பிறகு தன் கையை நீட்டினார். “எனக்கும் ஒட்டு தங்கச்சி. போன வருஷம் எம்புருஷன் இப்படித்தான் வெயில்ல விழுந்தாரு. எந்திரிக்கவே இல்ல.”

அவரைப் பார்த்து இன்னும் ஒன்பது பேர் ஒட்டிக்கொண்டார்கள். பயப்படாதீர்கள் உம்மா, இப்போது தொப்பி போடாமல் வெளியே போவதில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கைருதீன் மாமா திரும்பும்போது உங்கள் பழைய வாயில் பருத்திச் சேலை இரண்டு கொடுத்தனுப்புங்கள். ஒன்று பட்டை அச்சடிக்கும் சட்டத்தைத் துடைக்க. மற்றது எனக்கு. அதைத் துவைக்க வேண்டாம், உடுத்திக் களைந்தபடியே மடித்துக் கொடுங்கள்.

மாமா வாசலில் ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் மகள்
ஜஸ்மின்