மூன்றாம் படியில் ஊறிய கால்

சித்திரை 3, சனி

வெயில். காலையிலேயே வீடு அடுப்பு மாதிரி. கிணற்றில் தண்ணீர் இன்னும் ஒரு படி இறங்கிவிட்டது.

மருமகள் பாவாயிக்கு இடது கணுக்காலுக்கு மேலே மூன்று நாளாக இருந்த கொப்புளம் இன்று உடைந்தது. உள்ளே வெள்ளையாக நூல் முனை. சந்தேகமே இல்லை, நரம்புச் சிலந்தி நோய்தான்.

மகன் ராமசாமி குனிந்து பார்த்துவிட்டு, "புடிச்சு ஒரே இழுப்பா இழுத்துப்போட்டா என்னம்மா?" என்றான். கையைத் தட்டிவிட்டேன். என் தங்கைக்கு அப்படி இழுத்துத்தான் உள்ளே அறுந்தது. சீழ் வைத்து முழங்கால் மடங்கியது மடங்கியதுதான். இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறாள். பாவாயிக்கு வயது இருபத்திரண்டு. மடியில் ஐந்து மாதப் பெண் குழந்தை, என் பேத்தி தங்கம்.

அறுந்துவிடக் கூடாது. வேறொன்றும் வேண்டாம்.

செய்ய வேண்டியது: மருத்துவச்சி செல்லாயிக்கு ஆள் அனுப்ப. ஆமணக்கு இலை. காயும் மிளகாயைத் திருப்பிப் போட.

சித்திரை 4, ஞாயிறு

செல்லாயி வந்தாள். நூல் முனையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. அதைத் தென்னை ஈர்க்குத் துண்டில் கட்டி மெல்லச் சுற்றினாள். இரண்டு விரற்கடை வந்தது. நின்றுவிட்டது. விட்டுவிட்டாள். ஈர்க்கைக் காலோடு சேர்த்து, வாட்டின இலை வைத்துக் கட்டு.

"தானா வாரதத்தான் வாங்கோணுமுங்க ஆத்தா. வெரசலா இழுத்தா அது கோவிச்சுக்கும்."

"அப்ப எங்கத்தை மாதிரின்னு சொல்லு," என்றாள் பாவாயி, என் முகத்துக்கு நேரே. வலியிலும் வாய் குறையவில்லை. நல்லதுதான்.

வெயில் தாழ்ந்ததும் படிக்கிணற்றுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். அடியிலிருந்து மூன்றாம் படியில் உட்கார வைத்து, காலைத் தண்ணீரில் ஊற வைத்தேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். புண்ணிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக இறங்கிக் கலந்தது. நஞ்சு இறங்குகிறது. எரிச்சல் அடங்கி அவள் முகம் தெளிந்தது. எனக்குப் பெருமை.

சித்திரை 5, திங்கள்

ஒன்றரை விரற்கடை.

இந்த வருஷம் ஊரில் சிலந்தி கண்டவர்கள் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் கீழ்த்தெரு. என் மாமனார் வெட்டிய கிணறு, இளநீர் மாதிரித் தண்ணீர். கீழ்த்தெருக்காரர்கள் படி இறங்குவதில்லை. குடத்தோடு மேலே நிற்பார்கள், நாங்கள் மொண்டு வந்து ஊற்றுவோம். அப்படிக் காத்த தண்ணீர் எப்படிக் கெட்டது? விடிவதற்கு முன்னால் யாரோ இறங்கியிருக்க வேண்டும். கொழுந்தன் பெண்சாதி நல்லம்மாளும் அதையேதான் சொல்கிறாள். காவலுக்கு ஒரு ஆள் போடு என்று ராமசாமியிடம் சொல்லியிருக்கிறேன்.

சித்திரை 8, வியாழன்

நாமக்கல்லிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர். சைக்கிள், தொப்பி, தோல் பை. மீசை இன்னும் சரியாக முளைக்காத பிள்ளை. பெண்கள் எல்லாம் கதவுக்குப் பின்னால். நான் போய் எதிரே நின்றேன். அச்சுக் காகிதம் ஒன்று நீட்டினார். வாங்கி அவர் முன்னாலேயே வாய்விட்டு வாசித்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்றும் சொல்லிவைத்தேன்.

"கிணத்துல யார் யார்ம்மா இறங்குறீங்க?"

"எங்க சனம் மட்டுந்தானுங்க. கீழ்த்தெருவுக்கு ஊத்தித்தான் குடுப்போம்."

"சிலந்தி வந்த காலோடவுமா?"

"அப்பத்தானுங்க எறங்கியே ஆகோணும். ஊற வெச்சாத்தானே எரிச்சல் அடங்கும்?"

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். வட்டிலில் தண்ணீர் கேட்டார். பாவாயியின் காலை அதில் வைக்கச் சொன்னார். வழக்கம் போலப் பால் இறங்கியது. அதில் கொஞ்சம் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி கொடுத்தார். பாவாயிதான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ அத்தை, நெளியுதுங்க!"

பார்த்தேன். மயிர்த் துணுக்கு மாதிரி. எண்ணி முடியாது. ஒவ்வொன்றும் நெளிகிறது.

அவர் சொன்னது: அது நரம்பும் அல்ல, நஞ்சும் அல்ல. காலில் இருப்பது புழு. பால் என்று நாம் நினைப்பது அதன் குஞ்சுகள். தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி உண்டு, அதன் வயிற்றுக்குள் குஞ்சு போகும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் நம் வயிற்றுக்கு வரும். ஒரு வருஷம் உடம்புக்குள்ளேயே வளர்ந்து, தண்ணீரைத் தேடிக் கால் வழியாக வெளியே வரும். போன சித்திரையில் குடித்தது இந்தச் சித்திரையில் வருகிறது. துணியில் வடிகட்டிக் குடியுங்கள், படியை அடையுங்கள், மேலே இருந்து சேந்துங்கள்.

அதுவரை நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

போன சித்திரையில் சிலந்தி வந்தது எனக்கு. வலது குதிகால். இருபது நாள் அதே மூன்றாம் படியில் ஊற வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

யாரோ இறங்கியிருக்க வேண்டும் என்றேனே. இறங்கியது நான்.

சித்திரை 9, வெள்ளி

சோறு இறங்கவில்லை. ஒரே நினைப்பு, தங்கம். அவளுக்கு என்னென்ன கொடுத்தோம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தாய்ப்பால். வேறு? வாரா வாரம் உரைமருந்து. அதை எதில் இழைத்தேன்? தாய்ப்பாலில்தான். ஒவ்வொரு தடவையும். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பாலில் இது வராது என்று இன்ஸ்பெக்டர் சொன்னாரே. அதற்கப்புறம்தான் இரண்டு வாய் சாப்பிட்டேன்.

இனி:
குடிக்கும் தண்ணீர், வேட்டித் துணி இரண்டு மடிப்பு, வடிகட்டி.
பாவாயி கால் ஊறுவது பழைய வட்டிலில். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கிணற்றுக்குத் தூரமாகச் சுடுமணலில் கொட்ட.
காவல் ஆள் வேண்டாம்.

"ஏனம்மா, நீங்கதானே ஆள் போடச் சொன்னீங்க?" என்றான் ராமசாமி.

"இன்னைக்கு வேண்டாம்ங்கறேன்."



சித்திரை 12, திங்கள்

கேடு கெட்ட கோழி.

பாவாயி வாசலில் கால் கட்டை அவிழ்த்து இலை மாற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளையாகத் தொங்கியதைப் பார்த்து அந்தச் சாம்பல் கோழி ஒரே கொத்து. ஈர்க்கைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. பா. கத்திய கத்தல் தெரு முழுக்கக் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் ரத்தம். சிலந்தி முனை உள்ளே போய்விட்டது, கண்ணுக்கே தெரியவில்லை. கோழி வாயில் வெள்ளையாக ஏதோ இருந்தது என்கிறாள். நான் பார்க்கவில்லை.

செல்லாயி தொட்டுப் பார்த்து, "அறுந்திருந்தா ரெண்டு நாளைக்குள்ள காலே சொல்லிப்போடுமுங்க," என்றாள்.

சாயங்காலம் வீக்கம். உடம்பு சுடுகிறது.

சித்திரை 13, செவ்வாய்

வீக்கம் முழங்காலுக்குக் கீழ் வரை. பா. பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

தங்கத்தை நானே வைத்திருந்தேன். பசிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அத்தை, சின்னத்தை மாதிரி எனக்கும் கோல் வெட்டி வெச்சிருங்க." சின்னத்தை என்றால் என் தங்கை.

"வாயை மூடு புள்ளை."

மிளகாயை யாரோ அள்ளி வைத்திருக்கிறார்கள்.

சித்திரை 14, புதன்

காலையில் சூடு குறைந்தது. வீக்கமும் வடிந்தாற்போல. வட்டில் தண்ணீரில் கால் வைத்து வெகுநேரம் காத்திருந்தோம், செல்லாயி, நான், ராமசாமி. உச்சிப்பொழுதுக்கு முனை எட்டிப் பார்த்தது. முனையில் சிவப்பு நூல் முடிச்சு அப்படியே!

அறுந்துபோகவில்லை. கோழி இழுத்துக்கொண்டு போனது வெறும் ஈர்க்கைத்தான்; பா. வெள்ளையாகப் பார்த்ததும் அதுவே.

செல்லாயி சிரிக்கிறாள், ராமசாமி சிரிக்கிறான். பா. அழுதாள். பிறகு, "அந்தக் கோழிய இன்னைக்கே கொழம்பு வெக்கோணுமுங்க," என்றாள். வைத்தோம்.

சித்திரை 19, திங்கள்

நேற்று மூன்று விரற்கடை. இன்று செல்லாயி சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. வழுக்கி முழுசாக வெளியே விழுந்தது. அளந்தேன், இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடுப்பில் போட்டேன்.

"இத்தனை நீளத்த உள்ள வெச்சுக்கிட்டா நான் களை வெட்டுனேன்?" என்று பா. காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முழங்காலை மடக்கச் சொன்னேன். நீட்டச் சொன்னேன். மடக்கினாள், நீட்டினாள். இன்னொரு தடவை என்றேன். "போதுமுங்க அத்தை, போலீஸ் கவாத்தா பழகறேன்?" என்றாள்.

நன்றாகத் தூங்கலாம் இனி.

சித்திரை 20, செவ்வாய்

கிணற்றுப் பங்காளிகள் நால்வரும் நம் வாசலில். படி அடைப்பது பற்றி. கொழுந்தனார் ஒரே பிடி. "எங்கப்பன் வெட்டுன படிய ஒரு சைக்கிள்காரன் சொன்னான்னு அடைக்கறதா? கீழ்த்தெரு ஆளு எறங்காமப் பாத்துக்கிட்டாச் சரியாப் போகுது."

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போனேன்.

"கீழ்த்தெரு ஆளு யாரும் எறங்கல. போன சித்திரையில சிலந்திக் காலோட அந்தப் படியில உக்காந்தது நானு. இருபது நாளு. பாவாயி காலுக்கு வந்தது என்ற காலுல இருந்துதான். கீழ்த்தெருவுக்கு ஊத்துன தண்ணியும் அதுதான்."

பா. கதவோரம் நிற்கிறாள், எல்லாம் கேட்டுவிட்டாள்.

கொழுந்தனார் குரலைத் தாழ்த்தி, "அண்ணி, இதையெல்லாம் வெளிய சொல்லுவாங்களா?" என்றார்.

"சொல்லாட்டி அடுத்த சித்திரைக்கு உங்க காலு சொல்லுமுங்க."

ராமசாமிதான் முதலில் சிரித்தான். படியை அடைக்கச் சம்மதம்.

உள்ளே வந்ததும் பா. என்ன சொல்வாளோ என்று காத்திருந்தேன். "காப்பி வெச்சிருக்கறேனுங்க அத்தை, ஆறிப்போகுது," என்றாள். அவ்வளவுதான். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

சித்திரை 26, திங்கள்

நேற்று மழை, கொஞ்சம்தான். படியில் கருங்கல்லும் முள்ளும் போட்டு அடைத்தாயிற்று. மேலே மரம் போட்டு ராட்டினம். கீழ்த்தெருவுக்கு மேற்குப் பக்கம் தனி ராட்டினம் என்று ஆண்கள் பேசி முடித்தார்கள். அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை. ஆனாலும் யாரும் ஊற்றக் காத்து நிற்க வேண்டியதில்லை, அவரவரே சேந்திக்கொள்கிறார்கள்.

எல்லோரும் இந்த வருஷத் தண்ணீரைக் குடித்துத்தான் இருக்கிறோம். யாருக்கு வரும், யாருக்கு வராது, அடுத்த சித்திரை வரை தெரியாது. வந்தாலும் அதன் குஞ்சுகள் இனிக் கிணற்றுக்குள் போகாது. அந்த மட்டுக்கும் நிம்மதி.

பா. இன்று விந்தாமல் நடந்து போய் ஆறு குடம் சேந்தினாள். திரும்பி வந்து கையை நீட்டினாள்.

"காலு பொழைச்சுதுன்னு பாத்தா, கயிறு இழுத்து இப்பக் கை போச்சுங்க அத்தை."

உள்ளங்கை சிவந்திருந்தது. வெண்ணெய் தடவிவிட்டேன்.