'வாலி' என்று எழுதியவன் நான்தான்

அன்பு மாப்ள குமரேசா,

உன் கருமாதி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. பெரம்பலூரில் என் ஜெராக்ஸ் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் ஒரு பைக் நின்றாலே எழுந்துவிடுகிறேன். உன் தாய்மாமா வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்க்கிறேன். உன்னிடம் சொல்லாததை உன் வீட்டு வாசலில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்வதுதான் பாக்கி.

நாம் ஆடிய ஆன்லைன் விளையாட்டுக்கு தானாக ஆடும் 'பாட்' நிரல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தவன் நீ. "நாம வேல பாக்குற நேரத்துல அது பாட்டுக்கு ஆடும்டா" என்றாய். அதில் ஒரு கட்டம் உண்டு. எதிரியின் பெயரில் வரும் ஒரு சொல்லை அதில் எழுதிவிட்டால் போதும். அந்தச் சொல் உள்ள யார் எதிரே வந்தாலும் பாட் விடாமல் துரத்தி அடிக்கும். கரடி, பேய், பூதம் என்று சிரித்துக்கொண்டே எழுதினோம். மனிதன் பெயரையும் எழுதலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

தோன்றியது, பெண் வீட்டார் என் கல்யாணத்தை நிறுத்திய வாரத்தில். குழுவில் இருபது பேர் மைக்கில் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "நம்ம செந்திலு நிச்சயத்துலயே அவுட்டு!" என்று நீ சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் கடையில் உட்கார்ந்து 'கருநிழல்' என்ற பெயரில் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினேன். அந்தக் கட்டத்தில் 'வாலி' என்று எழுதினேன். விளையாட்டில் உன் பெயர் 'வாலி வேந்தன்' அல்லவா? வாலிகண்டபுரத்துக்காரன் என்று நீ ஆசையாக வைத்துக்கொண்ட பெயர்.

இரண்டு நாள் அடித்துவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஏன் அழிக்கவில்லை? நீ பயந்தாய். நீ பயந்தது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது என் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ கடைக்கு வந்தது நினைவிருக்கிறதா? கண் இரண்டும் சிவந்திருந்தது. "எவனோ என்னையக் குறி வச்சுட்டான் மச்சான். உள்ள நுழைஞ்ச அடுத்த நிமிசம் வந்துர்றான். ரெண்டு வருசமா சேத்ததெல்லாம் போச்சு. வுட்டதப் புடிக்கணும்னு விடிய விடிய ஆடுறேன். தூங்கி நாலு நாளாச்சுடா."

"யாரா இருக்கும்?" என்று கேட்டேன்.

"மீன்சுருட்டி முரளிதான். போன மாசம் கேம் சண்டையில 'ஒன்னைய நேர்லயே பாத்துக்குறேன்'னு சொன்னானே."

"இருக்கும்" என்றேன்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் நீ பைக்கில் அரியலூருக்கு வேலைக்குக் கிளம்பினாய். சாலையோரம் நின்றிருந்த சுண்ணாம்புக்கல் லாரியின் பின்னால் போய் மோதினாய். எட்டு மணி, நல்ல வெளிச்சம். பிரேக் போட்ட தடமே இல்லை என்றார்கள். தூங்கிவிட்டாயா மாப்ள? இல்லை, வேறு எதையோ நினைத்துக்கொண்டு போனாயா? யாரிடம் கேட்பேன்?

உன்னைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஒரு வாரமாக உன் வீட்டிலேயே கிடந்தேன். பூட்டிய கடைக்குள் என் கம்ப்யூட்டர் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

நீ போன எட்டாம் நாள் உன் தங்கை கவிதா போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். விளையாட்டில் நீ நண்பர்களுக்கு எழுதி வைத்ததையெல்லாம் படிக்கலாம் என்று உன் கணக்கைத் திறந்திருக்கிறாள். "பாருங்க செந்தில் அண்ணே, உள்ள போன ஒடனே அடிச்சுக் கொல்றான். செத்தவனக் கூடவா வுட மாட்டான்?" திரையில் உன் ஆள் விழுந்து கிடந்தான். மேலே கருநிழல் நின்றுகொண்டிருந்தது. "சர்வர்ல ஏதோ கோளாறும்மா" என்றேன். நேரே கடைக்கு ஓடி அந்த 'பாட்' நிரலை நிறுத்தினேன், கணக்கையே அழித்தேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் கவிதா அதைப் படம் எடுத்து மாமாவிடம் காட்டியிருக்கிறாள். முரளி உன்னை மிரட்டிய பதிவும் அவர் கைக்குப் போய்விட்டது. கருமாதியன்று சாப்பாடு முடிந்ததும் வாசலில் இரண்டு கார் வந்து நின்றது. "லாரில தானா போயி மோதலடா. எவனோ வெரட்டிருக்கான். மீன்சுருட்டிக்குப் போயி அவன வெளிய இழுத்துப் போட்டுக் கேப்போம்" என்றார் மாமா. எட்டுப் பேர் ஏறிவிட்டார்கள். ஒருவர் கையில் கடப்பாரை இருந்தது. முரளியின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவன் வீட்டில் யார் யார் இருப்பார்களோ என்று நினைத்தேன்.

காருக்கு முன்னால் போய் நின்றேன். "மாமா, அது முரளி இல்ல. நாந்தான்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். கட்டம், சொல், கருநிழல் எல்லாம் சொன்னேன். மாமா இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தார். ஒரு அடி விழுந்தது. இரண்டாவது விழுவதற்குள் உன் அம்மா எழுந்து வந்துவிட்டார்கள். "வுடுங்கண்ணே அவன."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நீதான்னு அவனுக்குத் தெரியுமாடா?"

"தெரியாதும்மா."

"தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் அடிச்சுப் பொரண்டுட்டு, வந்து என் கையால சோறு தின்னுருப்பீங்களேடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அந்த அடி வலிக்கவில்லை மாப்ள. இதுதான் வலிக்கிறது.

கார்கள் திரும்பிப் போயின. மாமா மட்டும் போகும்போது, "ஒன்னைய இதோட வுட மாட்டேன்" என்றார். கவிதா என் முகத்தைப் பார்ப்பதில்லை. பயம் போகவில்லை. ஆனால் மாட்டிக்கொள்வேனோ என்று முன்பு இருந்த பயம் இல்லை இது. ராத்திரியெல்லாம் தூங்காததால்தான் வண்டியில் நீ கண்ணயர்ந்தாய் என்று எவராவது ஒருநாள் உறுதியாகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

நாளைக்குக் காலை பஸ்ஸில் மீன்சுருட்டிக்குப் போகிறேன். உன் சாவுப் பழி தன் மேல் விழ இருந்தது முரளிக்கு இன்னும் தெரியாது. அவன் முன்னால் நின்று சொல்லிவிட்டு வருவேன். கவிதா என்றைக்காவது, "எங்கண்ணன் தூங்காம போனது ஒன்னாலதானே?" என்று கேட்டால், சர்வர் மேலும் லாரி மேலும் போடாமல், ஆமாம் என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வீட்டில் உன்னோடு ஒரே தட்டில் தின்ற
உன் மச்சான்
செந்தில்