நிறைந்தபடி திரும்பி வந்த பாட்டில்

அக்கா,

நேற்று மாலை மருமகளின் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். டப்பா காலி. தண்ணீர் பாட்டில் மட்டும் காலையில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே இருந்தது. அவளுக்குத் திருப்பதியில் ஒரு துணிக்கடையில் வேலை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. "ஏம்மா குடிக்கல?" என்றேன். "மறந்துட்டேன் அத்தே." உதடு வெடித்திருந்தது. இதே உதட்டை உங்கள் முகத்திலும் பார்த்திருக்கிறேன்.

நகரிக்குப் பக்கத்துப் பள்ளியில் நான் தமிழ் டீச்சர், நீங்கள் சித்தூரிலிருந்து வந்த தெலுங்கு டீச்சர். ஆந்திர மாநிலம் பிறந்து, நம் ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். பெண்கள் ஒதுங்கப் பள்ளியில் இடம் கிடையாது. பின்னால் கள்ளி வேலி மட்டும். என் வீடு எதிரிலேயே இருந்ததால் நான் ஓடிப்போய் வந்துவிடுவேன். உங்களைக் கூப்பிட்டால், "உங்க மாமியார் இன்னா நெனப்பாங்க" என்பீர்கள். காலையில் ஒரு வாய் காபியோடு சரி, வீடு திரும்பும்வரை ஒன்றுமில்லை. நான் சொம்பை நீட்டினால் சிரிப்பீர்கள். "குடிச்சா எக்கட போறது? நீ குடி, நான் பாத்துக்கினு இருக்கேன்."

எல்லை விசாரிக்க அதிகாரிகள் வந்த நாள் சித்திரை வெயில். தமிழ் பேசுபவர்கள் ஒரு பக்கம், தெலுங்கு பேசுபவர்கள் மறுபக்கம், கள்ளி வேலிவரை ஆண்கள் கூட்டம். அன்று நீங்கள் காபியையும் விட்டுவிட்டீர்கள். மதியம் பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டீர்கள். பிறகு நாற்காலியிலிருந்து சரிந்தீர்கள்.

உங்கள் உடம்பில் வியர்வையே இல்லை. கையைப் பிடித்தபோது எழுந்த தோல் மடிப்பு அப்படியே நின்றது. "தண்ணி கொண்டாங்க" என்று கத்தினேன். வாசலில் வாதாடிக்கொண்டிருந்த இரு பக்கத்தாரும் குடத்தோடு ஓடி வந்தார்கள். "நாங்கதான் மொதல்ல கொணாந்தோம்" என்று அங்கேயும் தகராறு. ஒரு பெரியவர் அதட்டினார்: "சாவப் போற பொம்பளைக்கு எந்தக் கொடமா இருந்தா இன்னாடா?"

கண் திறந்திருந்தது. துளித்துளியாக விட்டேன். கடைவாயில் வழிந்தது. நீங்கள் விழுங்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் போகும்போது கேட்டீர்கள்: "ஏமே, நான் செத்துடுவேனா?" "இல்லக்கா" என்றேன். டாக்டர் கோபப்பட்டார். தண்ணீர் குடிக்காமலும், வந்ததை அடக்கியும் சிறுநீரகத்தில் புண் வைத்துவிட்டது என்றார்.

நீங்கள் திரும்பி வந்தபோது ஊரார் ஓலைத் தட்டியில் ஒரு மறைப்புக் கட்டியிருந்தார்கள். கதவு இல்லை. நீங்கள் உள்ளே போனால் நான் முதுகைக் காட்டி வெளியே நின்று பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வேன். யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். "மெல்ல சொல்லு, ஊரே மனப்பாடம் பண்ணிடப் போவுது" என்று உள்ளிருந்து கேலி வரும்.

அதன் பிறகு எந்த வகுப்பிலும் நான் வாய்க்காலைத்தான் உதாரணம் காட்டினேன். தண்ணீர் ஓடினால் கசடு போகும், ஓடாவிட்டால் சேறு தங்கும், உடம்பும் அப்படித்தான். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, டீ நிறத்தில் இருந்தால் பயப்படுங்கள் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. உங்கள் பழைய புண் ஆறவே இல்லை. கல், காய்ச்சல், கடைசியில் முகமெல்லாம் வீக்கம். எல்லை முடிவாகி நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. நீங்கள் நிற்கவில்லை.

நேற்று மருமகளை விடவில்லை. மறுபடி கேட்டேன்.

"கடை பாத்ரூம்ல தாழ்ப்பா இல்ல அத்தே. ஆம்பளைங்களும் அங்கதான் வருவாங்க. கதவப் புடிச்சிக்கினு ஒருத்தி நிக்கணும். ரெண்டு பேரை ஒண்ணா அனுப்பமாட்டாங்க."

"போறப்ப எரியுதா?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்று காலை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்றார். முற்றவில்லையாம். அப்படிச் சொல்லியும் என் பயம் போகவில்லை. அவள் சொம்பை வாயில் வைக்கும்போதெல்லாம் அவள் தொண்டையையே பார்க்கிறேன், விழுங்குகிறாளா என்று.

நாளை அவள் வேலைக்குப் போகிறாள். கூடவே நானும் பஸ் ஏறுகிறேன். என் பையில் ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் இருக்கின்றன. மாட்ட விட்டால் நல்லது. விடாவிட்டால், அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை அக்கா.