முடிவுறாத இறந்தகாலம்

அன்புள்ள வாத்தியாருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை நீங்களாக எழுதினால்தான் உண்டு. நாலு மாதமாகப் போனை எடுக்காத மனுஷனுக்குக் கடிதமாவது போய்ச் சேரட்டும் என்று எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

இங்கே நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் என்னைத் துணி துவைக்கும் அறையிலிருந்து மேலே, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றுவார்களாம். அதற்கு ஸ்பானிஷ் பரீட்சையில் தேற வேண்டும். வேலை முடிந்ததும் பிளீச் வாடையோடு வகுப்புக்கு ஓடுகிறேன்.

இலக்கணம்தான் உயிரை வாங்குகிறது. ‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்பதை நீங்கள் பள்ளியில் நடத்தும் இங்கிலீஷ் இலக்கணம் நிகழ்காலத்தில் சேர்க்கிறது. இந்த ஸ்பானிஷ்காரர்கள் அதையே இறந்தகாலம் என்கிறார்கள். ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரே பெயராக வைத்திருக்கக் கூடாதா? போதாக்குறைக்கு, ‘முடிவுறாத இறந்தகாலம்’ என்று இன்னொன்று. அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போனது. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் டீச்சர் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார். நம் கல்யாணம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் முடியவில்லை, அப்படியானால் இந்தக் காலம்தானே என்று ‘தெனியா மரிதோ’ என்று எழுதி, எழுந்து நின்று வாசித்தேன். டீச்சர் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, எப்போது தவறினார் என்று மெதுவாகக் கேட்டார். ‘எனக்கு ஒரு புருஷன் இருந்தார்’ என்று அர்த்தமாம். முடிவுறாதது பெயரில் மட்டும்தானாம்.

உடனே திருத்தியிருக்கலாம். ஆனால், கடைசியாகப் பேசியபோது, “நமக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு, நீ அங்கயே இருந்துக்கோ” என்றீர்களே, அதுதான் காதில் கேட்டது. பக்கத்தில் உட்காரும் தையல்காரம்மா டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்துக்கொண்டே அழுதேன். இங்கே வந்த எட்டு மாதத்தில் என்னை ஒருவர் தொட்டுப் பேசியது அன்றைக்குத்தான். அதற்காகவே அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் நூறு வருஷம் இருக்க வேண்டும், என்னை மன்னித்துவிடுங்கள்.

அடுத்த மாதம் பரீட்சை. முதல் கேள்வியே குடும்பம்தானாம். ‘எனக்குப் புருஷன் இருக்கிறார்’ என்று பிழையில்லாமல் எழுத இப்போது தெரியும். எழுதலாமா என்பதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும். எழுதலாம் என்றால், பேசப் பிடிக்காவிட்டாலும் ஒரு மிஸ்டு கால் போதும், புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு என்ன உறவு என்று போடத் தெரியாமல்,
நான்