முகம் பார்க்க வாங்கிய கம்ப்யூட்டர்

உனக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் ஃபேனில் அப்பியிருந்த பஞ்சை வழித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து நூலும் கஞ்சியும் கலந்த வாசம் வந்தது. தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிவிட்டு எழுந்து வரும்போது உன் புடவையில் அடிக்குமே, அதே வாசம். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன் புடவைகளை உன் அக்கா மகள்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காலையில் மயிலாடும்பாறையிலிருந்து உன் சித்தப்பா மகன் வந்திருந்தான். அவன் மகள் இந்த வருஷம் காலேஜில் சேருகிறாள். "மச்சான், கொறஞ்ச வெலையில எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம்? லேப்டாப்பா, இதே மாதிரிப் பெட்டியா?" என்று கேட்டான். நம் சொந்தத்தில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடு என்பதால் எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள். எனக்கு என்ன தெரியும்? வாங்கியது நீ. நான் பஸ்ஸில் பெட்டியைத் தூக்கி வந்தவன்.

நம் பாப்பாவுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தபோது, சர்க்கரை உன் கண்ணைப் பாதி தின்றிருந்தது. மதுரையில் லேசர் வைத்தும் இடது கண்ணில் வெறும் புகைமூட்டம்தான். "பெரியகுளத்துப் பக்கம் ஏதாச்சும் காலேஜுல போட்டு விடுங்க, ஆத்தாளுக்குக் கஞ்சி வச்சுக் குடுக்க ஆளு வேணாமா?" என்று சொந்தமெல்லாம் சொன்னது. எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். பாப்பாவும் போகமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். நீ ஒரே பிடியாக நின்றாய். "என் நோவு என்னோட. அதுக்கு அவ எதுக்குக் காவக் கெடக்கணும்?" என்றாய். அவளிடம், "நீ போ ஆத்தா. தெனமும் உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நான் சோத்துல கை வப்பேன். போதுமா?" என்று வாக்குக் கொடுத்தாய்.

காலேஜில் சேர்க்க உன் தம்பி அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கிருந்து போனில் வீடியோ கால் போட்டாள். நீ போனை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தாய். "ஏங்க, இவ சிரிக்கிறாளா, அழுகுறாளா? ஒண்ணும் தெரியலையே" என்றாய். நான் எட்டிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். "சிரிக்கிறா" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இனிமே எம் மக சிரிக்கிறதையும் அழுகுறதையும் நீங்க சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்று எரிந்து விழுந்தாய். பெரிய திரையாக ஒன்று வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாய்.

லேப்டாப்பாக வாங்கி அவள் கையில் கொடுத்துவிடலாமே என்று நான் வாதாடினேன். ஹாஸ்டலிலேயே கம்ப்யூட்டர் அறை இருக்கிறது, லீவில் வரும்போது வீட்டில் ஒன்று இருந்தால் போதும் என்று பாப்பாவும் உன் பக்கம் சாய்ந்துவிட்டாள். "அத மடியில வச்சா அவ ஒருத்திக்கு. மேசையில வச்சா வீட்டுக்கே ஆகும்" என்று நீ பேச்சை முடித்துவிட்டாய்.

தேனிக் கடையில் உன்னோடு நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என்ன வேலைக்கு வேண்டும் என்று அங்கே வேலை பார்த்த பெண் கேட்டாள். எல்லோரும் படிக்க, பில் போட, கணக்கு எழுத என்பார்கள். நீ, "எம் மகளப் பாக்க" என்றாய். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு, "எங்க வீட்டுக் கட்டிலுக்கும் மேசைக்கும் இம்புட்டுத் தூரம்" என்று உட்கார்ந்துகொண்டாய். அவளையே கடைக்கு வெளியே நிறுத்தி, அவள் போனிலிருந்து கடைக் கம்ப்யூட்டருக்கு வீடியோ கால் போட வைத்தாய்.

முதல் திரையில் அவள் என்ன செய்கிறாள் என்றே உனக்குப் பிடிபடவில்லை. அடுத்ததில், "சிரிக்கிறன்னு நெனக்கிறேன்" என்றாய். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். அடுத்து ஒரு பெரிய திரையை மாட்டினார்கள். நீ உற்றுப் பார்த்துவிட்டு, "ஏத்தா, நீ மத்தியானம் சாப்பிடலையா? மொகம் வாடிக் கெடக்கு" என்றாய். அந்தப் பெண் போனைக் கீழே இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். "ஆமாம்மா, இன்னைக்கு டிபன் பாக்ஸ மறந்துட்டு வந்துட்டேன்" என்றாள். "இதுதான், இதையே கட்டிக் குடு" என்று நீ எழுந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். "எல்லாரும் ரேம் எம்புட்டு, ப்ராசஸர் என்னன்னு கேட்டு வருவாக. நீங்க மூஞ்சி தெரியுதான்னு கேக்குறீகளேம்மா" என்று சிரித்தாள். திரைக்கே நிறையப் போய்விட்டதால், பெட்டியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ரேம் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், பெட்டி வேகமாக ஓட எஸ்எஸ்டி மட்டும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படிக்கிற பிள்ளை காத்துக்கிடக்க வேண்டும் என்றாள். வீட்டை ஒட்டித் தறிக் கொட்டகை என்று தெரிந்ததும், இந்தப் பெட்டியைத் திறந்து பஞ்சைத் துடைத்துக்கொள்ளலாம் என்று திறந்தும் காட்டினாள். தறிச் சத்தத்தில் மந்தமாகிப்போன என் காதுக்காக, என்னைக் கடைசிச் சுவரோரம் நிற்கவைத்து ஸ்பீக்கரை அலறவிட்டாய். கடைத் தெருவே திரும்பிப் பார்த்தது.

கேமரா தனியாக வாங்க வேண்டும் என்று அவள் சொன்னபோது மட்டும் நீ முந்திக்கொண்டாய். "அது வேணாம். பேசுறதுக்கு மைக் மட்டும் போதும்." செலவை நினைத்துச் சொல்கிறாய் என்றுதான் நானும் இருந்தேன். ஆண்டிபட்டி பஸ்ஸில் திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: "நான் ஒடுங்கிக்கிட்டே போறத அவ பாத்தான்னா படிப்ப விட்டுட்டு ஓடி வந்துருவா. நான்தான் அவளப் பாக்கணும். அவ என்னப் பாக்க வேணாம்."

விளக்கு வைக்கிற நேரத்தில் தறியை நிறுத்த வேண்டும் என்பது உன் சட்டம். பாவு நூல் பாதி நெய்ததோடு நிற்கிறதே என்று நான் முணுமுணுத்தால், "தறி எங்கயும் போகாது" என்பாய். திரையில் பாப்பாவின் முகம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்து நிற்கும். கண்ணுக்குக் கீழே ஏன் கறுத்திருக்கிறது, தலைக்கு எண்ணெய் வைத்தாயா, யாரோடு சண்டை என்று வரிசையாகக் கேட்பாய். அவள் பக்கம் நாம் இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருக்கும். "அம்மா, எனக்கு நீ தெரியலையே" என்பாள். "கேமரா ரிப்பேருக்குப் போயிருக்கு ஆத்தா" என்பாய். வாங்காத கேமராவை வருஷக்கணக்கில் ரிப்பேரில் போட்டு வைத்திருந்தவள் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். லீவில் அவள் வரும்போதெல்லாம், சர்க்கரையில் கிட்னியும் கெட்டுப்போன உடம்பை இழுத்துக்கொண்டு நீ ஓடியாடி நடித்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

ஒரு பொங்கலுக்கு வந்தவள் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கேமரா மாட்டியிருந்த தடமே இல்லை. தேனிக்குப் போய் ஒரு கேமரா வாங்கி வந்து மாட்டிவிட்டு, "ரிப்பேர் முடிஞ்சிருச்சும்மா" என்றாள். நீ முதலில் முறைத்தாய், பிறகு சிரித்துவிட்டாய். அன்றிலிருந்து தறி நிற்பதற்கு முன்பே பவுடர் போட்டு, பூ வைத்துத் தயாராக இருப்பாய். முகத்து வீக்கம் தெரியாமல் இருக்க டியூப் லைட்டை இடம் மாற்றி மாட்டச் சொன்னாய். மாட்டினேன்.

இருந்தும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு சாயங்காலம், "அப்பா, அம்மா கையக் கேமராகிட்டக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றாள். வீங்கியிருந்த கையை நீ முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய். மறுநாள் விடியும்போது வாசலில் நின்றாள். நீ பயந்த மாதிரியே ஓடி வந்துவிட்டாள். தேனி ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவள் முகத்தைத் திரை இல்லாமல், கையால் தடவித்தான் பார்த்தாய். காரியம் முடிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு பரீட்சை எழுதப் போனாள். படிப்பை விடவில்லை. இப்போது அங்கேயே வேலை. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

உன் சித்தப்பா மகனுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். "பொண்ணு வீட்ல இருந்து போயி வந்தா பெட்டி வாங்கு. வெளியூருல தங்கிப் படிச்சா லேப்டாப் வாங்கிக் குடு. பெட்டி வாங்குனா கேமராவையும் சேத்தே வாங்கிரு." ஏன் என்று கேட்டான். காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

சாயங்காலம் இன்னமும் தறியை நிறுத்துகிறேன். பாப்பா இன்னமும் கூப்பிடுகிறாள். கேமரா வந்த நாளிலிருந்து நடு இடம் உனக்கு, நான் ஓரத்தில், பாதி முகம்தான் தெரியும். அந்தப் பழக்கத்தில் இப்போதும் ஓரமாகத்தான் உட்காருகிறேன். போன மாதம் ஒருநாள், "நடுவுல வந்து உக்காருங்கப்பா, பாதிதான் தெரியுறீங்க" என்றாள். எழுந்து பார்த்தேன், முடியவில்லை. "இங்கனயே இருந்துக்கிறேன் ஆத்தா" என்றேன். மறுநாள் திரையில் பார்த்தேன், அவளும் நடு இடத்தை விட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.