பிறந்த வீட்டுப் புடவை

புதூர்நாடு
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை

மச்சான் அருணகிரிக்கு,

உறையின் மேல் 'மாண்புமிகு ஒன்றியச் சுற்றுலாத் துறை இணை அமைச்சர்' என்று எழுதியிருக்கிறேன். எழுதாவிட்டால் சென்னையில் உன் அலுவலகத்தில் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். உள்ளேயும் அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் எத்தனையோ முறை கூப்பிட்டேன். உன் உதவியாளர் எடுத்து, சார் கூட்டத்தில் இருக்கிறார் என்பார். தங்கை புருஷன் பேசுகிறேன் என்றால், "எந்தத் தங்கை?" என்று கேட்கிறார். உனக்கு இருப்பது ஒருத்திதான்.

இங்கே கோடை மழை ஏமாற்றிவிட்டது. சாமை விதைக்க நிலத்தை உழுது போட்டுவிட்டு எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். பலா மட்டும் காய்த்துத் தள்ளியிருக்கிறது. பறித்துக் கீழே கொண்டுபோக ஜீப் கிடைப்பதில்லை. ஜீப்காரர்கள் எல்லாரும் உன் துறை மலை உச்சியில் கட்டிய காட்சிக் கோபுரத்துக்கு ஆள் ஏற்றப் போய்விட்டார்கள்.

அந்தக் கோபுரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. நீ முதன்முதலில் சட்டமன்றத்தில் பேசிய பேச்சை எழுதிக் கொடுத்தவன் நான். இந்த மலை வேடிக்கை பார்ப்பதற்கல்ல, இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தேன். நீயும் குரல் உடையப் பேசினாய். இன்று விமான நிலையச் சுவரெல்லாம் நம் மலையின் படத்தை ஒட்டி, வந்து வேடிக்கை பாருங்கள் என்கிறாய். அந்த முதல் தேர்தலில் கட்சி கூப்பிட்டது நம் இருவரையும். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீ மட்டும் சென்னைக்குப் போய், சீட்டோடு திரும்பி வந்தாய். அன்று உன் தங்கை சசிகலாதான் என்னைத் தேற்றினாள். "வூடு வூடாப் போயி கும்புடு போட ஒங்களுக்கு வருமா? எதிர்ல வர்றவன் தமிழ்ல தப்பு இருந்தா அங்கயே நின்னு திருத்துவீங்க. அண்ணனுக்குத்தான் அது சரி." உண்மைதான். ஆனால் மறக்கவில்லை.

இப்போது அவளைப் பற்றி.

வேலூரில் அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது உனக்குத் தெரியும். கட்டி நல்லதல்ல, ஆனாலும் முற்றவில்லை, மருந்து ஏற்றுவதை நிறுத்தாமல் தொடர்ந்தால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். முதல் முறை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, கொண்டை ஊசி வளைவில் உன் துறை மலையின் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கும் பலகை முன்னால் பெங்களூர்க் கார்கள் குறுக்கே நின்றிருந்தன. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சசிகலா ஜீப்புக்குள் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிக் கத்தப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்து, "பாவம், அவங்களத் திட்டாதீங்க. அண்ணன் கூப்ட்டுத்தான வந்துகிறாங்க" என்றாள்.

அப்போதுகூட அவளுக்குப் பிழைக்கும் ஆசை இருந்தது. போன வாரம் உன் அலுவலகத்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. அமைச்சகத்தின் பெயர் போட்ட பை, அதற்குள் அரக்கு நிறத்தில் ஒரு கைத்தறிப் புடவை, 'விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம்' என்று அச்சடித்த அட்டை. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் கொடுக்கும் புடவையாக இருக்கும். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று யாரிடமோ நீ சொல்லியிருப்பாய், அந்த அதிகாரி அன்பாகவே அனுப்பியிருப்பார். அவர் நம் ஊர்க்காரர் அல்ல. நீ நம் ஊர்க்காரன்.

படுத்த படுக்கையாக இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை வந்தால் இங்கே அதற்கு என்ன பெயர் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா? உன் அம்மா செத்தபோது உன் தாய்மாமன் கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்தும் வரை பாடையைத் தூக்கவில்லையே. பார்சலைப் பிரித்தபோது பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி இருந்தாள். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவள். "அய்யோ, உசுரோட இருக்கசொல்லவே கோடி வந்துட்சே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

சசிகலா அழவில்லை. புடவையைத் தடவிப் பார்த்தாள். "அண்ணனுக்கு வேல அதிகம். அன்னிக்கி வர முடியாதுன்னு முன்னாடியே அனுப்பிட்டாரு" என்றாள். அன்றோடு சரி. கஞ்சி குடிப்பதில்லை. அடுத்த முறை மருந்து ஏற்ற இந்த வெள்ளிக்கிழமை வேலூருக்குப் போகவேண்டும். வரமாட்டேன் என்கிறாள். புடவையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றேன். அண்ணன் கொடுத்ததைத் தொடாதீர்கள் என்று தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

நான் இரண்டு பட்டம் வாங்கியவன். இதையெல்லாம் நம்பாதவன். டாக்டர் சொன்னதை அவளுக்கு வரி வரியாக விளக்கினேன், திட்டினேன், காலில்கூட விழுந்தேன். நான் நம்பாததால் அவளுக்குப் பசி வந்துவிடவில்லை.

பாஞ்சாலிதான் ஒரு வழி சொன்னாள். "அண்ணங்காரன் நேர்ல வந்து, அவ கையால ஒரு வாய் சோறு துன்னுட்டு, பொடவைய அவனே தூக்கினு போவட்டும். அப்ப அது வெறும் துணி. வரலன்னா கோடிதான்." அதைக் கேட்டு, இத்தனை நாளில் முதல்முறையாகச் சசிகலா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை நீ மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பிரதிநிதிகளோடு இருப்பாய் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. அங்கிருந்து அரை நாள் பயணம்தான். பழைய கதை எதையும் எடுக்கமாட்டேன், இது சத்தியம். அவள் பிழைத்தால் உன்னோடு சண்டை போட எனக்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது. கலெக்டருக்குச் சொல்லாதே, பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வராதே. பூ வேண்டாம், பழம் வேண்டாம், எதுவுமே வேண்டாம். வெறுங்கையோடு வா, மச்சான். அவள் எழுந்து உனக்குச் சோறு போடட்டும்.

நீ நன்றாக இருக்கவேண்டும் என்று அவள் விளக்கேற்றும்போதெல்லாம் சொல்வாள். இப்போது அவள் எழுந்து விளக்கேற்றுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நன்றாக இரு.

உன் தங்கை வீட்டிலிருந்து,
ராஜாக்கண்ணு